மீன்பாட்டின் வீட்டுப் பயன்பாடு (பழவேற்காடு)

மீன்பாடு என்பது ஒரு நாளில், அல்லது ஒருமுறை வலை இழுக்கையில் கிடைக்கும் மீன்களின் மொத்தத்தைக் குறிக்கும் சொல்லாகும். தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த பழவேற்காடு, திருப்பாலைவனம் முதலிய ஊர்களையும் அவற்றை அடுத்த மீனவக் குப்பங்களையும் உள்ளடக்கிய ஏரிக்கரைப் பகுதியில், விற்றது போக வீட்டில் தங்கும் மீனைக் கெடாமல் பயன்படுத்துவது அன்றாட வீட்டுப் பணிகளுள் ஒன்றாகும். எந்த மீன் வரும், எவ்வளவு வரும் என்பதை வீட்டார் முடிவு செய்ய இயலாது. ஆகவே வேண்டியதை வாங்கிச் சமைப்பதற்கு மாறாக, வந்ததைக் கொண்டு சமைப்பதே இங்கு வழக்கமாக உள்ளது. உடனே சமைத்தல், குழம்பாக்கி மறுநாளுக்கு வைத்தல், உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்கல் ஆகியன இதன் முதன்மையான வழிகளாகும்.

இடமும் ஏரியும்

பழவேற்காடு ஏரி இந்தியாவில் சில்கா ஏரிக்கு அடுத்த இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. சிறீஅரிக்கோட்டைத் தீவு ஏரியை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கின்றது. தெற்கில் ஆரணி ஆறும், வடமேற்கில் காளங்கி ஆறும் ஏரியில் கலக்கின்றன. பழவேற்காட்டின் அருகேயுள்ள முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் ஏரிக்குள் வந்து செல்கின்றது. திருப்பாலைவனம் பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் சாலையில் உள்ளது.

ஏரி நீரின் உப்புத்தன்மை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் ஆற்றுநீர் சேர்ந்து உப்பு குறைகிறது. கோடையில் நீர் ஆவியாவதால் சில இடங்களில் அது கடல்நீரைவிடவும் மிகுதியாகிறது. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபடுவதும் உண்டு. இம்மாற்றங்களுக்கு ஏற்ப ஏரியில் கிடைக்கும் உயிரினங்களும் அவற்றின் அளவும் மாறுகின்றன. மடவை, கொடுவா, கிழங்கான், கெளுத்தி, காரப்பொடி ஆகிய மீன்களும், இறால் வகைகளும், சேற்று நண்டும் இங்கு கிடைப்பனவற்றுள் குறிப்பிடத்தக்கவை. கடலில் மீன்பிடிப்போருக்கு நெத்திலி, மத்தி, வாளை முதலியனவும் கிடைக்கின்றன.

பாடு முறையும் பங்கும்

பழவேற்காட்டில் இறால் பிடிப்பதற்குப் "பாடு" எனப்படும் மரபுவழி முறை ஒன்று வழக்கில் உள்ளது. இங்கு பாடு என்ற சொல் மீன்பிடிக்கும் இடத்தையும் அவ்விடத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் முறையையும் குறிக்கும். ஏரியில் வலை ஊன்றுவதற்கு ஏற்ற இடங்கள் குலுக்கல் வாயிலாகவும் சுழற்சி முறையிலும் உரிமையுடையோருக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. நல்ல இடம் ஒருவரிடமே நிலைத்துவிடாமல் அனைவருக்கும் மாறி மாறிக் கிடைப்பதே இதன் நோக்கம். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் இம்முறையோடு தொடர்புடையவை. இதையொத்த முறைகள் கேரளத்தின் கொச்சிக் காயலிலும், இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் காணப்படுகின்றன.

பாடு உரிமை மரபாகப் பட்டினவர் சமூகத்து ஆண்களுக்கே உரியதாக இருந்து வந்துள்ளது. பெண்களுக்கும் பிற சமூகத்தினருக்கும் இதில் இடமில்லாமை விமர்சனத்துக்கு உள்ளாகியுள்ளது. இருளர் சமூகத்தினர், குறிப்பாகப் பெண்கள், ஆழமற்ற நீரில் கைகளால் துழாவி இறால் பிடிக்கின்றனர். ஆகவே ஒரு வீட்டுக்கு வரும் மீனின் அளவு, இயற்கையை மட்டுமன்றி, அவ்வீட்டார் எந்த உரிமை உடையவர் என்பதையும் பொறுத்தது.

வகைபிரித்தல்

கரைக்கு வந்த மீன் முதலில் வகைபிரிக்கப்படுகிறது. இறால், நண்டு, கொடுவா ஆகியன நல்ல விலை பெறுவதால் பெரும்பாலும் உடனே விற்கப்படுகின்றன. இறால் ஏற்றுமதி நிறுவனங்களுக்கும், சேற்று நண்டு உயிருடன் வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. வீட்டுக்கு எஞ்சுவது பெரும்பாலும் சிறு மீன்களும், பலவகை கலந்த குவியலும், அடிபட்டுச் சிதைந்தவையுமாகும். பிடித்தவர் வீட்டில் உண்ணப்படும் மீன் பிடிபட்டவற்றுள் விலை குறைந்ததாக இருப்பது கடற்கரை ஊர்கள் பலவற்றுக்கும் பொதுவானது.

வீட்டுக்கு வந்த மீனைப் பின்வருமாறு பகுக்கலாம்.

* முதலில் கெடுவன: மத்தி போன்ற எண்ணெய்ச்சத்து மிகுந்த மீன்கள், வயிறு உடைந்த மீன்கள், இறந்த நண்டு, இறால். இவற்றை அன்றே சமைக்கவேண்டும்.
* சற்றுத் தாங்குவன: குடலும் செவுளும் நீக்கிக் கழுவிய மடவை, கிழங்கான் முதலியன. பனிக்கட்டியில் வைத்தால் இவை மேலும் சில நாட்கள் தாங்கும். வெப்பநாடுகளில் மீனின் எடைக்குச் சமமான பனிக்கட்டி இடுவது பரிந்துரைக்கப்படுகிறது.
* உலர்த்துவதற்கு உரியன: நெத்திலி, காரப்பொடி முதலிய கொழுப்புக் குறைந்த சிறு மீன்கள். பிளந்து உப்பிடத்தக்க பெரிய மீன்களும் இவற்றுள் அடங்கும்.
* விலக்கவேண்டியன: பேத்தை மீன். இதன் நஞ்சு சமைப்பதால் அழிவதில்லை. கெளுத்தி உண்ணத்தக்கதாயினும் அதன் முட்கள் நஞ்சுடையவை. ஆகவே அவற்றை முதலில் ஒடித்துவிடவேண்டும்.

வகைபிரிப்பில் காலம் தாழ்த்தினால் பின்னர் செய்யும் எதுவும் பயன் தராது. கெடத் தொடங்கிய மீனை உப்பு மீட்பதில்லை. "விற்காததைக் கருவாடாக்கலாம்" என்று மாலைவரை வெயிலில் வைத்திருந்த மீனிலிருந்து நல்ல கருவாடு கிடைக்காது.

உடன் பயன்பாடு

அன்றன்று வரும் மீன் குழம்பாகவும் வறுவலாகவும் சமைக்கப்படுகின்றது. கலப்பு மீன்களுக்குக் குழம்பே ஏற்றது. பலவகை மீன்கள் ஒரே சட்டியில் வேகும்போது, பெரிய துண்டுகளை முதலிலும், விரைவில் உடையும் சிறு மீன்களை இறுதியிலும் இடுவர். மீன் இட்டபின் கரண்டியால் கிளறாமல் சட்டியையே சுழற்றுவது வழக்கம்.

மீன் குழம்பு மறுநாள் சுவை கூடும் என்பது பரவலான கருத்து. புளி, உப்பு, காரம் ஆகியன மீனுக்குள் ஊறுவதே இதற்குக் காரணம். புளியின் அமிலத்தன்மை நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தாழ்த்துகிறது. ஆயினும் முற்றிலும் தடுப்பதில்லை. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இரவிலும் மறுநாள் காலையிலும் குழம்பை நன்கு கொதிக்கவைத்து மூடிவைப்பர். கொதித்த குழம்பில் மீண்டும் பச்சைக் கரண்டியை இடாமையும் பேணப்படுகிறது.

ஒதுக்கப்படும் பகுதிகளின் பயன்

* தலை: பெரிய மீனின் தலை குழம்புக்குச் சுவை கூட்டும். செவுள் கசக்குமாதலால் அதை நீக்கவேண்டும்.
* சினை: மடவை முதலியவற்றின் சினை தனியே எடுக்கப்பட்டு, மஞ்சளும் மிளகாயும் சேர்த்துப் பொரிக்கப்படுகிறது. மடவைச் சினையை உப்பிட்டு உலர்த்தி உண்ணும் வழக்கம் நடுநிலக்கடல் நாடுகளிலும் சப்பானிலும் உண்டு.
* இறால் தலையும் ஓடும்: இவை இறாலின் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு ஆகும். கழுவி இடித்து நீரில் கொதிக்கவைத்து வடித்த சாறு குழம்புக்கும் இரசத்துக்கும் பயன்படும்.
* சிறு நண்டு: சதை குறைந்த நண்டுகளை இடித்து நண்டு இரசம் வைப்பர்.
* குடலும் செதிலும்: தென்னைக்கும் பிற மரங்களுக்கும் எருவாகப் புதைக்கப்படுகின்றன.

கருவாடாக்கல்

மீனின் உடலில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு நீர் உள்ளது. நீரின் அளவு ஏறத்தாழ 25 விழுக்காட்டுக்குக் கீழ் குறைந்தால் பாக்டீரியாக்கள் வளர்வதில்லை; ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்குக் கீழ் குறைந்தால் பூஞ்சணமும் வளர்வதில்லை. உப்பு சேர்க்கும்போது இதைவிடக் கூடுதல் ஈரத்திலும் மீன் கெடாமல் இருக்கும். உப்பு மீனின் நீரை வெளியேற்றுவதோடு, எஞ்சிய நீரையும் நுண்ணுயிர்களுக்குப் பயன்படாதவாறு செய்கிறது. 1 கிலோகிராம் கருவாட்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கிலோகிராம் பச்சை மீன் தேவைப்படும்.

உப்பின்றி உலர்த்தல்: நெத்திலி போன்ற மெல்லிய சிறு மீன்கள் கழுவப்பட்டு நேரடியாக வெயிலில் பரப்பப்படுகின்றன. கடும் வெயிலில் இவை ஓரிரு நாட்களில் உலர்ந்துவிடும். மிகச்சிறிய கூனி இறாலும் இவ்வாறே உலர்த்தப்படுகின்றது.

உப்பிட்டு உலர்த்தல்: பெரிய மீன்கள் முதுகுவழியாகவோ வயிற்றுவழியாகவோ பிளக்கப்பட்டு, குடல் நீக்கி, கீறி உப்புத் தடவப்படுகின்றன. மீனின் பருமனைப் பொறுத்து 3 முதல் 10 பங்கு மீனுக்கு 1 பங்கு உப்பு இடப்படும். தடித்த மீனுக்கே உப்பு மிகுதியாக வேண்டும். மீனும் உப்பும் அடுக்கடுக்காகத் தொட்டியில் அல்லது மண்பானையில் வைக்கப்பட்டு, ஊறியபின் எடுத்துக் கழுவி உலர்த்தப்படும்.

குழிக்கருவாடு: உப்பிட்ட மீனை ஓலையில் சுற்றி மண்ணில் சில நாட்கள் புதைத்து எடுப்பது. இது ஈரம் மிக்கது, மென்மையும் தனி மணமும் உடையது, நெடுநாள் தாங்காது.

மணலில் நேரே பரப்பினால் மணல் ஒட்டுவதோடு, கீழ்ப்பக்கம் காற்றுப்படாமல் ஈரமாகவே இருக்கும். பழைய வலைகளை விரித்து அதன்மேல் உலர்த்துவது இதைக் குறைக்கிறது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பரண் இதைவிட ஏற்றது. இருபக்கமும் காற்றோடுவதால் விரைவில் உலரும். நாய், கோழி முதலியன அணுகா. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சூரிய ஆற்றலால் இயங்கும் உலர்த்திகளை உருவாக்கியுள்ளது.

மீன் மிகுதியாக வரும் நாளும் நல்ல வெயில் அடிக்கும் நாளும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. மழைக்காலத்தில் உலர்த்த இயலாது. அக்காலத்தில் உண்பதற்குரிய கருவாடு அதற்கு முந்தைய கோடையிலேயே ஆயத்தமாகிவிடவேண்டும். புயல் நாட்களிலும், சிறீஅரிக்கோட்டையிலிருந்து ஏவூர்தி ஏவப்படும்போது கடலுக்குச் செல்லத் தடையுள்ள நாட்களிலும் இச்சேமிப்பு கைகொடுக்கிறது.

உப்பு வரியும் கருவாடும்

வீட்டில் மீனைச் சேமிக்கும் இவ்வழக்கம் பிரித்தானிய ஆட்சியில் பெரும் இடையூறுக்கு உள்ளாயிற்று. சென்னை மாகாணத்தில் 1805ஆம் ஆண்டு உப்பு அரசின் தனியுரிமையாக்கப்பட்டது. கடற்கரையில் இயற்கையாக விளையும் உப்பை எடுப்பதும் குற்றமாகியது. வரியேறிய உப்பை வாங்க இயலாத மீனவர்கள் மீனை உப்பின்றியும், போதிய உப்பு இல்லாமலும் உலர்த்த நேர்ந்தது. இந்திய மீன்கள் பற்றிய ஆய்வுகளுக்காக அறியப்பட்ட பிரான்சிசு டே, 1873ஆம் ஆண்டில் வெளியான தமது அறிக்கையில் கடல்மீன் தொழிலின் நிலையை ஆராய்ந்து, உப்பு வரி மீன் பதப்படுத்தலுக்குத் தடையாக இருப்பதை எடுத்துக்காட்டினார்.

அதன்பின் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடற்கரை ஊர்கள் பலவற்றில் அரசின் மீன் உப்பிடு களங்கள் நிறுவப்பட்டன. அங்கு மீனைக் கொண்டுவந்து உப்பிடுவோருக்கு வரியில்லா உப்பு வழங்கப்பட்டது. ஆயினும் அந்த உப்பைக் களத்துக்கு வெளியே கொண்டுசெல்ல இயலாது. ஆகவே வீட்டில் எஞ்சும் சிறிதளவு மீனுக்கு வரி செலுத்திய உப்பையே நாடவேண்டியிருந்தது. 1930ஆம் ஆண்டு இராசாசி தலைமையில் வேதாரணியத்தில் உப்புச் சத்தியாகிரகம் நடைபெற்றது. உப்பு வரி 1947ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

கருவாட்டுச் சமையல்

கருவாட்டை முதலில் வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, செதிலும் மணலும் போகப் பலமுறை கழுவவேண்டும். நெத்திலிக்குத் தலையைக் கிள்ளி எறிவர். உப்பு மிகுந்த கருவாட்டுக்கு ஊறவைத்த நீரை மாற்றி மீண்டும் ஊறவைப்பது நன்று.

கருவாட்டுக் குழம்பில் காய்கறி சேர்ப்பது வழக்கம். கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், மாங்காய், மொச்சை, பலாக்கொட்டை ஆகியன ஏற்றவை. கருவாட்டிலிருந்து கரையும் உப்பைக் காய்கள் ஏற்றுக்கொள்வதால், குழம்பில் உப்பு குறைவாக இடப்பட்டு இறுதியில் சுவைபார்த்துச் சரிசெய்யப்படும். சிறிதளவு கருவாடு ஒரு சட்டிக் காய்கறிக்கு மணமும் சுவையும் தந்துவிடும். முற்றிய கத்தரிக்காய், நறுக்கி எஞ்சிய வாழைக்காய் முதலியவற்றைத் தீர்ப்பதற்கும் இது நல்வழியாகும்.

வறுத்த நெத்திலிக் கருவாடு பழைய சோற்றுக்கும், கேழ்வரகுக் கூழுக்கும் துணையாகிறது. சென்னையைச் சூழ்ந்த வடதமிழகப் பகுதியில் கூழும் கருவாடும் சேர்த்து உண்பது பரவலான வழக்கம். தூளான கருவாட்டை வறுத்துப் பூண்டு, காய்ந்த மிளகாய் சேர்த்து இடித்துப் பொடியாகவும் வைத்துக்கொள்வர்.

சேமிப்பும் கெடுதலும்

நன்கு உலர்ந்த கருவாட்டை ஆறவைத்த பின்னரே மூடிவைக்கவேண்டும். சூட்டுடன் மூடினால் உள்ளே நீர் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மண்பானை, தகரப்பெட்டி, ஓலைப்பெட்டி ஆகியன இதற்குப் பயன்படுகின்றன. பழவேற்காடு பனையோலைப் பொருட்களுக்குப் பெயர்பெற்ற ஊர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. மாதம் ஒருமுறை எடுத்து வெயிலில் காயவைப்பது நல்லது.

* இளஞ்சிவப்புப் படலம்: கடலுப்பில் வாழும், உப்பை விரும்பும் பாக்டீரியாக்களால் உண்டாவது. நாற்றமும் பிசுபிசுப்பும் தோன்றும்.
* பழுப்புப் புள்ளிகள்: உப்பைத் தாங்கும் பூஞ்சணத்தால் உண்டாவன.
* காறல்: எண்ணெய்ச்சத்து மிகுந்த மீனின் கொழுப்பு காற்றுப்பட்டு மஞ்சளாகிக் கசத்தல்.
* வண்டும் புழுவும்: ஈரமான மீனில் ஈக்களும், உலர்ந்த மீனில் வண்டுகளும் முட்டையிடும். இவற்றைத் தடுக்கப் பூச்சிக்கொல்லி தெளிப்பது உண்போருக்குத் தீங்கானது. மூடிய வலைக்குள் உலர்த்தலே ஏற்ற வழி.

மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் பதப்படுத்துமுன் வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் இசுட்டமின் என்னும் பொருள் உண்டாகும். இது சமைத்தாலும் அழியாது. தோல் தடிப்பு, தலைவலி, வாந்தி ஆகியவற்றை உண்டாக்கும். மேலும் கருவாட்டில் உப்பு மிகுதியாதலால், உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உடையோர் அதைக் குறைத்துக்கொள்வது நலம்.

வேளாண் பங்குப் பெட்டியுடன் ஒப்பீடு

உழவரின் விளைச்சலில் ஒரு பங்கை நகர வீடுகள் முன்பணம் செலுத்தி வாரந்தோறும் பெட்டியாகப் பெறும் முறை அண்மைக் காலத்தில் பல நாடுகளில் பரவியுள்ளது. சப்பானில் 1970களில் "தெய்கெய்" என்னும் பெயரில் இத்தகைய உடன்பாடுகள் தோன்றின. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டில் மாசச்சூசெட்சு, நியூ ஆம்ப்சையர் ஆகிய மாநிலங்களில் இவை தொடங்கப்பட்டன. பின்னர் மேய்ன் மாநிலத்தின் போர்ட் கிளைடு மீனவர்கள் இதே முறையை மீனுக்கும் பயன்படுத்தினர்.

பெட்டியில் வருவதை வீட்டார் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே அதைத் தீர்க்கும் வழிகளும் மீனவர் வீட்டு வழிகளை ஒத்துள்ளன. கீரை, முள்ளங்கித் தழை ஆகியன முதல் நாளிலும், கத்தரி, வெண்டை, அவரை ஆகியன அடுத்த நாட்களிலும், பூசணி, சேனை, கருணை ஆகியன இறுதியிலும் சமைக்கப்படவேண்டும். பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கும், வாழைத்தண்டு பொரியலுக்கும் ஆகும். எஞ்சிய கத்தரி, கொத்தவரை, சுண்டைக்காய், மாங்காய் முதலியவற்றை உப்பிட்டு உலர்த்தினால் வற்றல் கிடைக்கும். வற்றலும் கருவாடும் உப்பு, வெயில், காற்று என்னும் மூன்றையே நம்பியவை.

எனினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பெட்டி பெறும் வீட்டில் வீணாவது ஒரு வாரத்துக் காய்கறி மட்டுமே. ஏரிக்கரை வீட்டில் வீணாவது மழைக்காலத்து உணவும், பெண்களின் கைச்செலவுக்கான வருவாயுமாகும்.

இன்றைய நிலை

மீனைத் தெரிந்தெடுத்தல், பிளத்தல், உப்பிடல், உலர்த்தல், சந்தைக்குக் கொண்டுசெல்லல் ஆகிய பணிகளைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். பனிக்கட்டியும் விரைவுப் போக்குவரத்தும் பெருகியதால், முன்னர் கருவாடாகிய மீனில் ஒரு பகுதி இப்போது பச்சையாகவே விற்பனைக்குச் செல்கிறது. இதனால் உடனடி வருவாய் கூடினும், வீட்டில் எஞ்சுவது குறைகிறது. முகத்துவாரம் அடைபடுதல், ஏரி மண்மூடி ஆழம் குறைதல், சூழவுள்ள தொழில் வளர்ச்சி ஆகியன மீன்வரத்தைப் பாதிக்கும் காரணிகளாகக் கூறப்படுகின்றன. உலர்த்துவதற்குத் திறந்த வெளியும், தூய நீரும், நியாய விலையில் உப்பும் கிடைப்பது இவ்வழக்கம் தொடர்வதற்கு இன்றியமையாதன.

இவற்றையும் பார்க்கவும்

* பழவேற்காடு ஏரி
* கருவாடு
* வற்றல்
* உப்புச் சத்தியாகிரகம்